தீர்ப்பின் பின் நின்ற ஐயம்

மக்கள் செய்யும் குற்றங்கள் யாவற்றுள்ளும் கொலையே கொடிதென்பது எந்நாட்டார்க்கும் எச்சமயத்தார்க்கும் ஒத்த முடிபாகும். அக்கொலையைச் செய்தவன் இன்னானென்று அறியப்படாமல் ஆண்டுகள் பல கழியுமாயின், இறந்தாரைச் சேர்ந்தோர் உறும் துயரம் இருமடங்காகின்றது. இழந்த துயரம் ஒன்று. இழப்பித்தவன் எவனென்று தெரியாமல் எதிர்ப்படுவோர் யாவரையும் ஐயுற்று வாழுந் துயரம் மற்றொன்று. ஆதலின், நெடுங்காலம் துப்புத் துலங்காதிருந்த வழக்கொன்றில் ஒருவர் பிடிபட்டுக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டாரென்று கேட்டவுடன், ஊரார் யாவரும் பெருமூச்செறிந்து ஆறுதலடைகின்றனர். அவ்வாறுதல் இயல்பானதே.

ஆயினும், அத்தகைய தீர்ப்புக்குப் பின்னும் சிலர் உள்ளத்தில் ஐயம் நீங்காது நிற்பதுண்டு. அஃது அவர்தம் பிடிவாதமோ, அன்றி நீதிக்குச் செய்யும் தொண்டோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இதனை வெறும் நியாயங்களாற் கூறாது, ஸ்வீடன் தேசத்தில் 1994 முதல் 2001 வரை தீர்க்கப்பட்டு, 2013இல் முற்றும் தள்ளுண்ட கொலை வழக்குகள் சிலவற்றைக் கொண்டு விளக்குவாம்.

வழக்கின் வரலாறு

ஸ்வீடனின் நடுப்பகுதியிலுள்ள தாலர்னா என்னும் மாகாணத்தில் செத்தர் என்ற சிற்றூர் ஒன்றுண்டு. குற்றம் புரிந்த மனநோயாளரைக் காவலில் வைத்து மருத்துவஞ் செய்யும் மருத்துவமனை ஒன்று அவ்வூரில் உள்ளது. 1950ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்டூரே பெர்க்வால் என்பவர், கொள்ளைக் குற்றம் ஒன்றின் பொருட்டு 1991இல் அங்கு அனுப்பப்பட்டார். சில காலம் சென்றபின், தம் தாயின் பிறந்தகத்துப் பெயரைக் கொண்டு, தாமஸ் குவிக் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். பிற்காலத்துப் பத்திரிகைகளில் அவர் அறியப்பட்டது இப்பெயராலேயே.

1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தம் மருத்துவரிடம், தாம் முன்னர்க் கொலை புரிந்தவரென்று கூறத் தலைப்பட்டார். 1993இல் அச்செய்தி போலீஸாரை எட்டியது. ஒன்றாகத் தொடங்கிய அவ்வொப்புதல் மொழி இரண்டாகிப் பத்தாகி, ஈற்றில் முப்பதுக்கு மேற்பட்ட கொலைகளைத் தாமே செய்ததாக அவர் கூறுமளவும் வளர்ந்தது. அவற்றுள் எட்டுக் கொலைகளைப் பற்றி ஆறு வழக்குகள் நடைபெற்றன. ஆறிலும் அவர் குற்றவாளியென்றே தீர்க்கப்பட்டார்.

அவ்வெட்டுக் கொலைகளும் நெடுநாளாகத் தீராதிருந்தவை. 1976இல் வடக்கே பீத்தெயோ நகரில் காணாமற்போன பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன். 1984இல் லாப்லாந்துப் பகுதியிற் கூடாரமடித்து உறங்கியபோது குத்துண்டு மாண்ட ஒல்லாந்துத் தம்பதியர் இருவர். 1988இல் தாலர்னாவில் உயிரற்றுக் கிடந்த இஸ்ரேல் நாட்டு இளைஞர். அதே ஆண்டில் நார்வே தேசத்து டிராம்மென் நகரில் மறைந்த ஒன்பது வயதுச் சிறுமி. அந்நாட்டில் 1981, 1985ஆம் ஆண்டுகளிற் கொலையுண்ட இளம்பெண்கள் இருவர். 1980 நவம்பர் 7ஆந் தேதி காலையிற் பள்ளிக்கென்று புறப்பட்டுத் திரும்பாத சுண்ட்ஸ்வால் நகரத்துப் பதினொரு வயதுச் சிறுவன் என இவர்களே கொலையுண்டாராகக் கொள்ளப்பட்டோர். முதல் தீர்ப்பு 1994இலும் இறுதித் தீர்ப்பு 2001இலும் வெளிவந்தன. கொலைக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் ஒன்பது ஆண்டு முதல் இருபத்தோராண்டு வரை ஆகும்.

இவ்வழக்குகளில் ஒரு புதுமை காணப்பட்டது. குற்றஞ்சாட்டப்பெற்றவரைக் கொலை நடந்த இடத்தோடு பிணைக்கும் கைரேகையில்லை, இரத்தக் கறையில்லை, கண்டார் ஒருவருமில்லை. அவர் வாய்மொழியும், அவ்வாய்மொழியைத் தாங்க வந்த சில சிறு குறிப்புகளுமே சான்றாக நின்றன. அக்குறிப்புகளுள் ஒன்றாகிய எலும்புத் துண்டைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

தன்மேல் தானே பழி கூறுவாருண்டோ?

செய்யாத கொலையைச் செய்தேனென்று ஒருவர் கூறுவரோ என்னும் வினா ஈண்டு எழும். ஸ்வீடன் மக்கள் பலரும் நீதிபதிகளும் இவ்வினாவை எழுப்பிக் ‘கூறார்’ என்றே விடை கண்டனர். ஆனால் சட்ட வரலாறு வேறு விடை பகர்கின்றது. முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை ஈண்டுக் கூறுதல் தகும்.

கிளஸ்டர்ஷயர் கோட்டத்துச் சிப்பிங் கேம்டன் என்னும் ஊரில், ஒரு பெருமாட்டியின் நிலங்களுக்குக் காரியஸ்தராயிருந்த வில்லியம் ஹாரிசன் என்னும் எழுபது வயது முதியவர், 1660 ஆகஸ்டு 16ஆந் தேதி குத்தகைப் பணம் தண்டுதற்பொருட்டு வெளியே சென்றார். சென்றவர் திரும்பினாரில்லை. வெட்டுண்ட தொப்பியும், இரத்தக் கறை படிந்த கழுத்துப்பட்டியுமே வழியிற் கிடைத்தன. அவருடைய வேலைக்காரனாகிய ஜான் பெர்ரி என்பான், தன் தாயும் தமையனும் பணத்தின்பொருட்டு அவரைக் கொன்றனரென்றும், தானும் அதற்கு உடந்தையாயிருந்தானென்றும் கூறினான். பின்னர் அம்மொழியைத் தானே மறுத்தான், மறுத்தும் பயனில்லை. 1661இல் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். 1662இல் ஹாரிசன் உயிரோடு ஊர் திரும்பினார். தம்மைச் சிலர் கவர்ந்து சென்று துருக்கி தேசத்தில் அடிமையாக விற்றனரென்று அவர் கூறிய கதையைப் பலர் நம்பவில்லை. ஆயினும் அவர் கொல்லப்படவில்லை என்பதை ஐயுறுவார் ஒருவருமிலர்.

பெர்ரி அவ்வாறு கூறியதன் காரணம் இன்றளவும் விளங்கிற்றிலது. ஆயினும் அவ்வழக்கு ஒரு படிப்பினையைத் தந்து சென்றது. ஒப்புதல் மொழி எவ்வளவு உறுதியாகத் தோன்றினும், அதற்குப் புறம்பேயுள்ள சான்றொன்று அதனைத் தாங்கவேண்டும் என்பதே அது. மோசேயின் நியாயப்பிரமாணமும் ஒருவன் சாட்சியே போதுமெனக் கொள்ளாமை நம் கல்லூரி மாணாக்கர் நன்கறிந்ததே. ஸ்வீடனிலோ, 1948 முதல் நடைமுறையிலுள்ள விசாரணைச் சட்டப்படி, எத்தகைய சான்றையும் நீதிமன்றத்திற் கொணரலாம். அதன் வலிமையை அளந்தறிதல் நீதிபதிகளின் பொறுப்பு. அளப்போர் கவனமாயிருக்குமளவும் அம்முறை நன்றே. அவர் கவனம் தளர்ந்தவிடத்து, அதனைத் தடுத்து நிறுத்தும் விதியொன்றும் இல்லை.

ஒப்புதல் மொழி உருவான விதம்

பெர்க்வால் பொய்யே கூறினாராயின், கொலைகளைப் பற்றிய நுண்ணிய செய்திகளை அவர் அறிந்தது எங்ஙனம் என்பது அடுத்த வினா. இதற்கு மூன்று வாயில்கள் இருந்தன.

முதலாவது, பழைய பத்திரிகைகள். விடுமுறைச் சலுகை பெற்றுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோம் சென்ற நாட்களில், அவர் அங்குள்ள அரசாங்க நூலகத்திற் புகுந்து, கொலைச் செய்திகள் வெளிவந்த பழைய இதழ்களைப் படித்துவந்தார். காவலிலுள்ள நோயாளர் ஒருவர் நூலகத்திற் செய்தி திரட்டுவாரென்று எவரும் எண்ணிற்றிலர்.

இரண்டாவது, வினாவுவார் அறியாமலே தந்த குறிப்புகள். ஒரே செய்தியைப் பற்றிப் பன்முறை வினாவப்பட்டபோது, எவ்விடை ஏற்கப்படுகின்றது, எவ்விடை கேட்டவுடன் வினாவுவார் முகம் மாறுகின்றது என்பதை அவர் உணர்ந்துகொண்டார். பிழையான விடை மெல்ல மெல்லத் திருத்தமுற்றுச் சரியான விடையாயிற்று. டிராம்மென் சிறுமியின் வழக்கே இதற்குத் தக்க சான்று. அச்சிறுமி பொன்னிறக் கூந்தலுடையவளென்றும், அவள் வாழ்ந்த இடம் சிறு வீடுகள் நிறைந்த சிற்றூரென்றும் அவர் முதலிற் கூறினார். உண்மையில் அவள் கருங்கூந்தலுடையவள். வாழ்ந்தது பன்மாடக் கட்டடங்கள் நெருங்கிய நகர்ப்பகுதி. இவை மாறிச் சரியான உருவை அடைந்தபின்னரே வழக்கு மன்றேறியது. நீதிபதிகளின் செவிக்கு எட்டியவை பெரும்பாலும் திருத்தமுற்ற விடைகளே. அவை கடந்து வந்த வழி எட்டவில்லை.

மூன்றாவது, மருத்துவமனையில் அவர் பெற்ற சிகிச்சை. குழந்தைப் பருவத்திற் பட்ட கொடுமைகளை மனம் ஆழப் புதைத்துவிடும். அவற்றின் நினைவு தக்க சிகிச்சையால் மீண்டெழும். அக்கொடுமைகளையே அவர் பிற்காலத்தில் பிறர்மேற் செலுத்தினார் என்னும் கொள்கை அங்கு நிலவியது. அக்காலமெல்லாம் பென்ஸோடையஸெபின் என்னும் வகையைச் சேர்ந்த மருந்துகளை அவர் மிகுதியாக உட்கொண்டிருந்தார். கொலைக் கதைகள் வளருந்தோறும் மருத்துவர் கவனமும் மருந்தும் வளர்ந்தன. மருத்துவமனையின் ஒரு மூலையில் ஒருவராலும் மதிக்கப்படாது கிடந்த தாம், நாடே உற்று நோக்கும் மனிதரானதைத் தாம் விரும்பியதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

இக்கொள்கையால் விளைந்த கேடு ஒன்றைச் சிறப்பாக நோக்குதல் வேண்டும். அவர் சரியாகக் கூறினால், ‘கொலைஞனன்றி வேறு யார் இதனை அறிவார்?’ என்றனர். தவறாகக் கூறினால், ‘கொடிய நினைவை நேரே எதிர்கொள்ள மனம் அஞ்சித் திரிக்கின்றது’ என்றனர். சரியும் சான்று, தவறும் சான்று. எந்நிகழ்ச்சியாலும் பொய்யாக்கப்பட முடியாத கொள்கை எதனையும் மெய்ப்பிப்பதும் இல்லை என்பது அறிவியல் பயில்வார்க்குப் பாலபாடமன்றோ? அப்பாடம் ஆண்டு மறக்கப்பட்டது.

மன்றத்தில் நேர்ந்த குறை

வழக்கு மன்றம் என்பது இருதிறத்தார் போராட்டத்தால் உண்மை வெளிப்படுமென்னும் நம்பிக்கையின்மேல் அமைந்தது. அரசாங்க வழக்குரைஞர் குற்றத்தை நாட்டுவார். எதிரித்தரப்பு வக்கீல் அதனைத் தாக்குவார். தாக்குண்டும் நிற்பதனை நீதிபதி ஏற்பார். பெர்க்வால் வழக்குகளிலோ குற்றஞ்சாட்டியவரும் ‘இவரே கொலைஞர்’ என்றார். குற்றஞ்சாட்டப்பெற்றவரும் ‘யானே கொலைஞன்’ என்றார். அவர் வக்கீலும் அதனை மறுத்துரைத்தாரல்லர். நினைவாற்றலைப் பற்றி ஆராயும் வல்லுநரும் அவ்வொப்புதலுக்குத் துணைநின்றார். முத்திறத்தாரும் ஒருமுகமாக நின்றவிடத்து, எதிர்வினா எழுப்புவார் யார்? குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவரே தீர்ப்பை விரும்பியமையால், ஒரு வழக்கேனும் மேல்மன்றத்திற்குச் சென்றிலது.

இதன் விளைவாக, முரணாக நின்ற சான்றுகளும் வலியிழந்தன. 1985இற் கொலையுண்ட நார்வே நாட்டுப் பெண்ணின் உடலிற் கிடைத்த ஆண்வித்து, மரபணுச் சோதனையிற் பெர்க்வாலுடையதன்றெனத் தெளிவாயிற்று. தெளிவாகியும் 2000ஆம் ஆண்டில் அவர்மேலேயே தீர்ப்புக் கூறப்பட்டது. மற்றொன்று: தமது பதினான்காம் வயதில், 1964ஆம் ஆண்டு, தென் ஸ்வீடனிலுள்ள வெக்ஷோ நகரிற் சிறுவனொருவனைக் கொன்றதாக அவர் கூறியிருந்தார். அக்கொலை நிகழ்ந்த பெந்தெகோஸ்தே திருநாட்களில், அவர் தம் இரட்டைச் சகோதரியோடு நெடுந்தொலைவிலுள்ள ஃபாலுன் நகரில், திருச்சபையின் திடப்படுத்தல் ஆராதனையில் இருந்தார். அக்குற்றம் காலங் கடந்துபோனமையால் மன்றேறவில்லை. எனவே, அவரது சொல் எத்துணை நம்பத்தக்கது என்பதை உணர்த்தவல்ல அச்செய்தியும் நீதிபதிகளின் முன் வரவேண்டிய அளவில் வந்திலது.

நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆராயாமல் ஆணையிட்டமையாற் பழியுற்றான். ஸ்வீடன் நாட்டார் அவ்வாறு ஆராயாமல் விட்டாரல்லர். ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர், நார்வேக் காட்டிலுள்ள சிறு குளமொன்றின் நீரை முற்றும் இறைத்து அடிச்சேற்றையும் சலித்தனர். குறை ஆராய்ச்சியின்மையன்று, அவ்வாராய்ச்சி முழுவதும் ஒரே முடிவை நோக்கி ஓடியமையே. ‘இவர் கொன்றார் என்பதற்கு இன்னுஞ் சான்றுண்டோ?’ என்று வினவினார் பலர். ‘இவர் கொல்லவில்லையாயின் யாம் காண்பதென்ன?’ என்று வினவினார் மிகச் சிலர்.

ஐயுற்றோர்

அம்மிகச் சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், சுண்ட்ஸ்வால் சிறுவனைப் பெற்ற தந்தையும் தாயும் ஆவர். தம் மகனைக் கொன்றவர் கண்டுபிடிக்கப்பட்டார் என்னும் செய்தியால் ஆறுதலடைய உரிமையுடையார் உலகில் எவரேனும் உளராயின், இவ்விருவரே அவர். இருபதாண்டு காத்திருந்தார்க்கு முடிவென்று ஒன்று நீட்டப்பட்டது. அவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். சிறுவனின் உடல் கிடைக்கவில்லை. பெர்க்வால் கூறிய கதையோ தாம் அறிந்த நிகழ்ச்சிகளோடு பொருந்தவில்லை. ஆதலின் இத்தீர்ப்பு எம் மகனுக்குச் செய்யப்பட்ட நீதியன்று என்று அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். பொய்யான ஆறுதலைக் காட்டினும் மெய்யான துயரமே மேலென்று கொண்ட அவர்தம் மனத்திண்மை எண்ணுந்தோறும் வியக்கத்தக்கது.

1998ஆம் ஆண்டளவில், குற்றவியற் பேராசிரியர் லைஃப் பெர்சன் முதலான சிலரும் இத்தீர்ப்புகளைக் குறித்துத் தம் ஐயத்தை வெளியிட்டனர். பத்திரிகைகளிற் கடும் வாதம் நிகழ்ந்தது. ஆயினும் அடுத்த மூன்றாண்டுகளுள் மேலும் இரு தீர்ப்புகள் வெளிவந்தன. 2006இல், சிறுவனின் பெற்றோர்க்குத் துணைநின்ற வழக்கறிஞர், நீதிச் சான்ஸலர் என்னும் உயர்பதவி வகித்த யோரான் லம்பெர்ட்ஸ் அவர்களிடம் விரிவான விண்ணப்பமொன்றை அளித்தார். போலீஸாரும் வழக்குரைஞரும் தம் கடமையை நன்கு ஆற்றினரென்றே அவர் முடிவு கூறினார். ஐயத்திற்கு இனி இடமில்லை என்று நாடு எண்ணியது.

2001இலேயே பெர்க்வால் பேச்சை நிறுத்திவிட்டார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். மருத்துவமனைக்குத் தலைமை பூண்டவர் மருந்துகளைச் சிறிது சிறிதாகக் குறைப்பித்தார். மருந்து குறைந்தபின் புதிய கொலைக் கதை ஒன்றேனும் வெளிவந்திலது. 2002இல் அவர் மீண்டும் தம் பழைய பெயரையே ஏற்றார். பின்னர் ஏழாண்டளவும் அவர் வெளியாரிடம் பேசாதிருந்தார்.

2008இல் ஹன்னஸ் ரோஸ்டாம் என்னும் பத்திரிகையாளர் அவரைக் காண அனுமதி பெற்றார். ரோஸ்டாம் முன்முடிவோடு சென்றவரல்லர். வழக்கேடுகளை முதலிலிருந்து இறுதிவரை படித்தார். விசாரணையின்போது எடுக்கப்பட்ட ஒளிப்படச் சுருள்களை மணிக்கணக்கில் நோக்கினார். அவற்றில் தளர்ந்த நடையும் குழறும் நாவும் உடைய ஒரு மனிதர், வழியறியாது காட்டில் அலைந்து, உடன்வந்தார் முகக்குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் பேசுவதைக் கண்டார். தாம் கண்டதைப் பெர்க்வாலிடமே எடுத்துரைத்தபோது, அவர் தாம் ஒரு கொலையும் செய்ததில்லையென்று கூறினார். அச்செய்தி அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரவியது. 2012 ஜனவரியில் ரோஸ்டாம் நோயால் இறந்தார். அவர் எழுதிய நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

எலும்புத் துண்டும் காலவரையறையும்

பெர்க்வால் தம் ஒப்புதலை மறுத்துவிட்டமையால் மட்டும் ஐயம் மெய்யாகிவிடாது. முன்னர்ப் பொய் கூறியவர் இப்போதும் பொய் கூறலாமன்றோ? ஆகலின் புறச்சான்றுகளை மீண்டும் அளந்தறிய வேண்டியதாயிற்று. டிராம்மென் வழக்கில், நார்வேக் காட்டிற் கண்டெடுத்த சிறு எரிந்த துண்டுகளை மனித எலும்பென்றும், சிறு பிராயத்தார் ஒருவருடையதென்றும் பேராசிரியர் இருவர் சாட்சி கூறியிருந்தனர். எல்லா வழக்குகளிலும் கண்ணாற் காணத்தக்க சான்று அஃதொன்றே எனலாம். 2010இல் அதனை ஆய்வுக்கூடத்திற் சோதித்தபோது அஃது எலும்பேயன்று, பசையேறிய மரத்துண்டென வெளிப்பட்டது! கண்டார் கண்ணிற் குறையில்லை. அவர் உள்ளம் எலும்பையே எதிர்பார்த்திருந்தது.

இதன்பின் மறுவிசாரணைகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுமதிக்கப்பட்டன. நிலைநாட்டத்தக்க சான்றில்லை என்று வழக்குரைஞர்களே குற்றச்சாட்டுகளைக் கைவிட்டனர். 2013 ஜூலை மாத இறுதியில் எட்டாவது கொலைக் குற்றமும் நீங்கிற்று. 1976இல் மறைந்த சிறுவனின் எலும்புகள் 1993இற் காட்டிற் கிடைத்திருந்தன. அச்சிறுவன் கொல்லப்பட்டான் என்பதற்கேனும் போதிய சான்றில்லை என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. 2014 மார்ச்சு மாதம் பெர்க்வால் மருத்துவமனைக் காவலினின்றும் விடுபட்டார்.

அவர் இழந்த ஆண்டுகள் ஒருபுறமிருக்க, பிறிதோர் இழப்பும் உண்டு. அதனைப் பலர் கருதுவதில்லை. அந்நாளில் ஸ்வீடன் சட்டப்படி, கொலை நிகழ்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தால் அதன்பொருட்டு எவரையும் தண்டித்தல் இயலாது. 2010ஆம் ஆண்டு அவ்வரையறை நீக்கப்பட்டபோதும், 1985 ஜூலைக்கு முன் நிகழ்ந்த கொலைகளுக்கு அந்நீக்கம் பயன்பட்டிலது. எனவே சுண்ட்ஸ்வால் சிறுவனின் வழக்கு 2005இலும், லாப்லாந்துக் கூடாரக் கொலை 2009இலும் காலாவதியாயின. அவ்வாண்டுகளிலெல்லாம் ‘கொலைஞர் அகப்பட்டார்’ என்னும் தீர்ப்பு உறுதியாக நின்றமையால் வேறொருவரைத் தேடுவாரில்லை. பொய்யான தீர்ப்பு ஒருவரை வீணே கட்டிவைத்ததோடமையாது, மெய்யாகவே கொன்றவர்க்குக் காவலரணாகவும் நின்றது. இதனினும் பெரிய தீங்கு யாதுளது?

ஸ்வீடன் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு 2015இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தனியொருவர்மேற் பழி முழுவதையும் சுமத்த அது முற்படவில்லை. மருத்துவர், போலீஸார், வழக்குரைஞர், வக்கீல், வல்லுநர், நீதிபதிகள் எனப் பலர் ஒவ்வொருவரும் மற்றவர் நன்கு ஆராய்ந்திருப்பரென்று நம்பித் தாம் ஆராயாதுவிட்டமை சேர்ந்தே இவ்விளைவு நேர்ந்ததென்று இவ்வரலாற்றைப் பயில்வார்க்குத் தோன்றும்.

ஐயத்திற்கும் அளவுண்டு

நிற்க. இவ்வரலாற்றைக் கேட்டு, எல்லாத் தீர்ப்பையும் ஐயுறுவதே அறிவுடைமை என்று ஒருவர் கொள்வாராயின் அதுவும் பிழையாம். ஐயம் பொய்த்த வழக்கும் உண்டு. 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த கொலையொன்றின் பொருட்டு ஜேம்ஸ் ஹான்ராட்டி என்பவர் 1962 ஏப்ரல் 4ஆந் தேதி தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவரென்று குடும்பத்தாரும் எழுத்தாளர் பலரும் நாற்பதாண்டளவும் வாதாடினர். ஈற்றில் அவருடல் தோண்டி எடுக்கப்பட்டு மரபணுச் சோதனை நிகழ்ந்தது. அச்சோதனை அவருக்கு மாறாகவே நின்றது. 2002இல் மேல்மன்றம் பழைய தீர்ப்பை நிலைநிறுத்திற்று. சான்று மாசுபட்டிருக்கலாமென்று அப்போதும் கூறினார் சிலருளர். மன்றம் அதனை ஏற்கவில்லை.

ஸ்வீடனிலும் இத்தகைய நிலை காணப்பட்டது. எல்லாத் தீர்ப்பும் தள்ளுண்ட பின்னரும், மேலே கூறிய லம்பெர்ட்ஸ், பெர்க்வால் குற்றவாளியாயிருத்தல் கூடுமென்று வாதித்து 2015இல் நூலொன்று வெளியிட்டார். அவ்வாறு வாதித்தல் அவர்க்குள்ள உரிமை. ஆனால் ஐயத்துள்ளும் நல்லதும் தீயதும் உண்டு என்பதை இவ்விரு நிகழ்ச்சியும் காட்டுகின்றன. நல்ல ஐயம், எச்சான்று கிடைத்தால் யான் ஒழிவேன் என்று முன்னரே கூறவல்லது. எலும்பைச் சோதியுங்கள், மரபணுவை ஒப்பிடுங்கள், முதல் விடையைக் காட்டுங்கள் என்று அது கேட்கும். கேட்டது கிடைத்தபின் அதற்கு அடங்கும். தீய ஐயமோ எதற்கும் அடங்காது. சரியையும் தவறையும் ஒருங்கே தனக்குச் சான்றாக்கிக்கொண்ட அம்மருத்துவக் கொள்கைக்கு அஃது உடன்பிறப்பாகும்.

முடிவுரை

கல்லூரியிற் பயிலும் நம்முட் சிலர் நாளை வழக்கறிஞராகவும், சிலர் மருத்துவராகவும், சிலர் பத்திரிகையாளராகவும், சிலர் நீதிபதிகளாகவும் விளங்குவர். மற்றையோர் செய்தித்தாள் படித்து ‘நல்லவேளை, அகப்பட்டான்’ என்று கூறும் பொதுமக்களாயிருப்பர். இவ்வனைவர்க்கும் பயன்படும் வினாக்கள் மூன்றுண்டு. ஒப்புதல் மொழியைத் தவிர வேறு சான்று யாது? குற்றஞ்சாட்டப்பெற்றவர் முதன்முதலிற் கூறியது யாது? இத்தீர்ப்புப் பொய்யாயின் அதனைக் காட்டவல்ல செய்தி யாது, அதனைத் தேடினார் யார்? இம்மூன்றிற்கும் விடை கிடைத்தவிடத்து ஆறுதலடைதல் தகும். கிடையாதவிடத்து, ஐயுற்று நிற்பாரை இரக்கமற்றவரென்று இகழ்தல் தகாது.

கொலையுண்டார்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன், எவரையேனும் தண்டித்தலன்று. அவருக்கு நிகழ்ந்தது யாதென்று மெய்யாக அறிதலே. எளிய முடிவு கையில் வந்து வீழ்ந்தபோதும் அக்கடனை மறவாதிருந்தோர் சுண்ட்ஸ்வால் நகரத்துப் பெற்றோர் இருவர். மன்றங்கள் தம் பிழையை உணர்தற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் அதனை உணர்ந்தனர். சட்டம் பயின்றவரல்லர், மகனை நேசித்தவர். உண்மையை விரும்புவார்க்கு அவர்தம் ஐயம் என்றும் நல்லாசிரியனாக நிற்பதாக.